தலைநகர் அலுவலகத்தில் ஒரு மாணவியின் ஒரு வாரம்



ஒவ்வொரு மாதமும் முதல் தேதி தொடங்கிப் பத்தாம் தேதி வரை, டெல்லியிலுள்ள நிதி ஆயோக் நிறுவனம் கல்லூரி மாணவர்களிடமிருந்து பயிற்சிப் பணிக்கான விண்ணப்பங்களை இணையத்தின் வாயிலாகப் பெற்றுக்கொள்கிறது. கல்லூரிகளில் இதனை இன்டர்ன்ஷிப் என்று சொல்லுகிறார்கள். குறைந்தது ஆறு வாரம். மிஞ்சினால் ஆறு மாதம். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. இளநிலைப் பட்டம் படிக்கிறவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமல் மதிப்பெண் பெற்று, நான்காம் பருவத் தேர்வை எழுதி முடித்திருக்க வேண்டும். முதுநிலை மாணவர்களானால் பட்டப்படிப்பில் 70 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும்.

இந்த மதிப்பெண்களைப் பெற்ற பிள்ளைகள் நம் குடும்பங்களில் இல்லையா? ஏராளமாய் இருக்கிறார்கள். ஆனாலும் இப்படி ஒரு வாய்ப்பு உண்டென்று சொன்னவுடன் பெற்றோர் கூறும் பதில் ஒன்றே: "ஐயா, அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு, டெல்லியில் நமக்கு யாரைத் தெரியும்?"

இந்தப் பதிலில் பாதி தவறு, பாதி உண்மை. எந்தப் பாதி தவறு, எந்தப் பாதி உண்மை என்பதை அறிந்துகொள்வதற்காக, அப்படிப் பயிற்சிக்கு வரும் ஒரு மாணவியின் ஒரு வாரத்தை நாம் கூடவே நடந்து பார்ப்போம். அவர் பரமக்குடியைச் சேர்ந்தவர், பொருளியல் படிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், உங்கள் மகளாகவே எண்ணிக்கொள்ளுங்கள். மதுரையில் ரயில் ஏறி, ஒன்றரை நாளுக்கும் மேலாகப் பயணம் செய்து, ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் ஒரு பெட்டியும் ஒரு மடிக்கணினியுமாக வந்து இறங்கியிருக்கிறார்.

திங்கட்கிழமை: வாசற்படி

மத்திய அரசு அலுவலகங்கள் காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 5.30 வரை நடைபெறுகின்றன. 1985-ஆம் ஆண்டு முதல் வாரத்திற்கு ஐந்து நாள் வேலை. மயூர் விஹாரில் தங்கியிருக்கும் நம் மாணவி நீல வழித்தட மெட்ரோவில் ராஜீவ் சௌக் வரை வந்து, மஞ்சள் வழித்தடத்திற்கு மாறி, அடுத்த நிலையமாகிய பட்டேல் சௌக்கில் இறங்குகிறார். மெட்ரோவின் முதல் பெட்டி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. தனியாகப் பயணம் செய்யும் பெண்பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். 2025 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கட்டணத்தின்படி குறைந்தபட்சம் 11 ரூபாயும் அதிகபட்சம் 64 ரூபாயும் செலவாகும்.

நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் சன்சத் மார்க் என்னும் நாடாளுமன்ற வீதியில் நிதி ஆயோக் கட்டடம் நிற்கிறது. 1950 முதல் ஐந்தாண்டுத் திட்டங்களைத் தீட்டிய திட்டக் குழு இங்கேதான் இயங்கியது. பொள்ளாச்சிச் சீமையிலிருந்து வந்த சி. சுப்பிரமணியம் 1971-72-இல் அந்தக் குழுவின் துணைத் தலைவராக இருந்தார். 2015 ஜனவரி 1 அன்று அந்தக் குழுவின் இடத்தில் நிதி ஆயோக் அமைக்கப்பட்டது. பிரதமரே இதன் தலைவர்.

வாசலில் நிற்கும் காவலருக்கு இந்த வரலாறெல்லாம் தேவையில்லை. அடையாள அட்டை, தேர்வுக் கடிதம், தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கல்லூரி தந்த கடிதம் ஆகிய மூன்றும் கையில் இருக்கிறதா என்பதே அவருடைய கேள்வி. ஒன்று குறைந்தாலும் பகல்வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க நேரிடும். ஆகையால் ஒவ்வொன்றிலும் மூன்று நகல்கள் எடுத்துச் செல்லும்படி பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

உள்ளே சென்றபின் வழிகாட்டும் அதிகாரி ஒருவர், ஒரு மேசை, இணைய வசதி ஆகியவை கிடைக்கின்றன. மடிக்கணினி மாணவருடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. கோப்புகளில் ஆங்கிலம் உண்டு, இந்தி உண்டு. தாழ்வாரத்தில் பேசப்படுவது பெரும்பாலும் இந்தியே. முதல் நாளிலேயே நம் மாணவியின் நெஞ்சு சற்றுக் கலங்கும். அதிகாரியிடம் ஆங்கிலத்தில் பேசிவிடலாம். தேநீர் கொண்டுவரும் அண்ணனிடமும் பேருந்து நடத்துனரிடமும் பேச இந்தி வேண்டும். புறப்படுவதற்கு முன்னே நூறு இந்திச் சொற்களைக் கற்றுக்கொண்டால் பாதி பயம் போய்விடும். பெயருக்குப் பின்னே "ஜி" சேர்த்து மரியாதையாய் அழைத்தால் மீதியிலும் பாதி போய்விடும்.

செவ்வாய்க்கிழமை: கட்டத்துக்குள் ஓர் ஊர்

இரண்டாம் நாள் கையில் தரப்படுவது ஓர் அட்டவணை. நாட்டின் ஏழ்மையை வருமானத்தைக் கொண்டு மட்டும் அளவிடாமல், 12 அளவுகோல்களைக் கொண்டு நிதி ஆயோக் அளவிடுகிறது. ஊட்டச்சத்து, பிள்ளைகளின் இறப்பு, தாய்மார் நலம், படித்த ஆண்டுகள், பள்ளிக்குச் செல்லுதல், சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள், வங்கிக் கணக்கு ஆகியவையே அவை. 2023-இல் வெளியான அறிக்கையின்படி, 2015-16-இல் இந்திய மக்களில் 24.85 விழுக்காட்டினர் இத்தகைய பன்முக வறுமையில் இருந்தார்கள். 2019-21-இல் அது 14.96 விழுக்காடாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 4.76 விழுக்காட்டிலிருந்து 2.20 விழுக்காடாயிற்று.

மாநிலத்தின் எண் இவ்வளவு சிறியதாயிருக்கும்போது இராமநாதபுரத்தைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நம் மாணவிக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. 2018 ஜனவரியில் தொடங்கப்பட்ட முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில், நாடு முழுவதிலுமிருந்து 112 மாவட்டங்கள் இடம்பெற்றன. தமிழ்நாட்டிலிருந்து இரண்டு மாவட்டங்கள்: விருதுநகர், இராமநாதபுரம். சுகாதாரமும் ஊட்டச்சத்தும், கல்வி, வேளாண்மையும் நீர்வளமும், நிதிச் சேவையும் தொழில் திறனும், அடிப்படை வசதிகள் என்னும் ஐந்து துறைகளில் 49 குறியீடுகளைக் கொண்டு இந்த மாவட்டங்களின் முன்னேற்றம் கணக்கிடப்பட்டு, தரவரிசை வெளியிடப்பட்டது.

கருவுற்ற தாய்மார் எத்தனை பேர் முறையாகப் பரிசோதனைக்கு வந்தார்கள் என்பது அந்தக் குறியீடுகளில் ஒன்று. டெல்லி அதிகாரிக்கு அது ஒரு கட்டத்துக்குள் அடங்கிய எண். முதுகுளத்தூரிலிருந்தும் கமுதியிலிருந்தும் பேருந்துக்குக் காத்திருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் அக்காமாரையும் அத்தைமாரையும் கண்ணாரக் கண்டவர் நம் மாணவி. எண் ஏன் ஒரு மாதத்தில் குறைந்தது என்று கூட்டத்தில் கேட்கப்படும்போது, பேருந்து நேரம் ஒரு காரணமாயிருக்கலாம் என்று சொல்ல அவரால் கூடும். இந்த ஒரு வாக்கியத்திற்காகவே இராமநாதபுரத்துப் பிள்ளை அந்த அறையில் உட்கார்ந்திருப்பது அவசியம் என்பேன்.

புதன்கிழமை: ஒரு கோப்பு நடக்கும் வழி

அரசாங்கம் என்றால் ஒரு மனிதர் கையெழுத்திட்டால் காரியம் முடிந்தது என்றுதான் நம்மில் அநேகர் நினைக்கிறோம். மத்திய அமைச்சகங்களில் ஒரு கோப்பு பிரிவு அலுவலரின் மேசையிலிருந்து புறப்பட்டு, சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் அல்லது இயக்குநர், இணைச் செயலாளர் என்று படியேறி, காரியத்தின் பெருமைக்கேற்பச் செயலாளரையும் அமைச்சரையும் சென்றடைகிறது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் தம் கருத்தைக் குறிப்பாக எழுதிக் கீழே கையொப்பமிடுகிறார். இப்பொழுது பெரும்பாலும் இது கணினித் திரையிலேயே நடைபெறுகிறது; நடக்கும் வழி மட்டும் மாறவில்லை.

பயிற்சி மாணவர்களின் கையில் இரகசியக் கோப்புகள் தரப்படுவதில்லை. அவர்களுக்குத் தரப்படுவது, இருநூறு பக்க அறிக்கையை ஒரே பக்கத்தில் சுருக்கி எழுதுகிற வேலை. நம் மாணவி மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போகிறார். அதிகாரி சிவப்பு மையால் இரண்டு பக்கத்தை அடித்துவிட்டு, "முடிவு என்ன? அதை முதல் வரியில் எழுதம்மா" என்கிறார். கல்லூரியில் பக்கத்தின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் வாங்கிப் பழகிய பிள்ளைக்கு இது வருத்தமாகத்தான் இருக்கும். ஆயினும் சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதக் கற்றுக்கொள்வது எந்த வேலைக்குப் போனாலும் கைகொடுக்கும்.

வியாழக்கிழமை: நாடாளுமன்றத்திலிருந்து ஒரு கேள்வி

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடைபெறும் நாட்களானால், அலுவலகத்தில் எல்லாருடைய நடையும் வேகமாகிவிடுகிறது. உறுப்பினர்கள் குறைந்தது 15 நாட்களுக்கு முன் கேள்வியை எழுத்தில் கொடுக்கிறார்கள். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து நின்று விடையளிக்க வேண்டும். அதைத் தொடர்ந்து துணைக் கேள்விகளும் வரும். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் விடை போதும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20. குறியில்லாதவை 230 வரை. மக்களவையில் காலை 11 மணிக்கும் மாநிலங்களவையில் பகல் 12 மணிக்கும் கேள்வி நேரம் தொடங்குகிறது.

திட்ட அமைச்சகத்துக்கு வரும் கேள்விகளுக்கு விவரம் திரட்டித் தருவது நிதி ஆயோக். ஓர் எண் தவறினால் அமைச்சர் அவையில் தவறான தகவல் தந்தவராவார். ஆகையால் ஒரே எண்ணை மூன்று பேர் சரிபார்க்கிறார்கள். நம் மாணவிக்குத் தரப்படுவது அந்த மூன்றாவது சரிபார்ப்பு. மாலை ஆறரை மணிக்கு வீடு திரும்பும்போது கண்கள் எரிகின்றன. ஆனால் தொலைக்காட்சியில் கூச்சலாய் மட்டுமே பார்த்திருந்த ஓர் அவைக்குப் பின்னால் எத்தனை பேர் அமைதியாய் உழைக்கிறார்கள் என்பதை அவர் இனி மறக்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை: பத்து ரூபாயின் வல்லமை

வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஒரு குடிமகனின் விண்ணப்பம் மேசைக்கு வருகிறது. 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மத்திய அரசு அலுவலகங்களில் யார் வேண்டுமானாலும் 10 ரூபாய் கட்டணம் செலுத்தித் தகவல் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து எழுதப்பட்ட அந்தக் கடிதத்திற்காக அலுவலகமே விவரம் தேடுவதை நம் மாணவி காண்கிறார். அரசாங்க அலுவலக வாசலில் கைகட்டி நிற்பதையே பரம்பரையாகக் கற்ற நம் ஜனங்களுக்கு, இதைக் கண்ணால் கண்ட ஒரு பிள்ளை எவ்வளவு பிரயோஜனமாயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

டெல்லியில் வாழும் நமக்கு இதன் அருமை நன்றாய்த் தெரியும். நம் மாணவி வந்து இறங்கிய நிஜாமுதீன் நிலையத்துக்கு அதிகத் தொலைவில்லாத ஜங்புராவில், பாராபுல்லா வாய்க்காலையொட்டி மதராசி கேம்ப் என்னும் தமிழர் குடியிருப்பு இருந்தது. நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. அங்கேயிருந்த 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்றுக் குடியிருப்புக்குத் தகுதி பெற்றன. அவர்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது நகரத்தின் வடகோடியிலுள்ள நரேலாவில். தகுதி உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்தவை ஆவணங்கள். எந்தத் தேதிக்கு முந்தைய எந்தக் காகிதம் வேண்டும், எந்த அலுவலகத்தில் முறையிட வேண்டும், எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும் என்று வாசித்துச் சொல்லக்கூடிய ஒரு பிள்ளை ஒவ்வொரு தெருவிலும் இருந்தால், அந்தத் தெரு ஜனங்கள் அலுவலக வாசலில் திகைத்து நிற்க வேண்டியதில்லை.

அன்று மாலை நம் மாணவி அறையில் உட்கார்ந்து பணத்தை எண்ணுகிறார். நிதி ஆயோக் பயிற்சிக்கு ஊதியம் கிடையாது; உதவித்தொகையும் கிடையாது. வாடகை, சாப்பாடு, மெட்ரோ எல்லாம் கைப்பணம். அப்பா அனுப்பியது இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் பார்க்கிறார். "டெல்லியில் நமக்கு யாரைத் தெரியும்" என்று பெற்றோர் சொன்னதில் உண்மையான பாதி இதுவே. தேர்வு பெற யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆறு வாரம் தங்கியிருக்கத்தான் யாரையாவது தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை: நகரம்

விடுமுறை நாள். துணிகளைத் துவைத்துப் போட்டுவிட்டு நம் மாணவி ஊரைப் பார்க்கப் புறப்படுகிறார். கர்த்தவ்ய பாதை என்று 2022-இல் பெயர் மாற்றப்பட்ட பழைய ராஜபாதையில் நடக்கிறார். 2023 மே 28 அன்று திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தையும், இன்று சம்விதான் சதன் என்று வழங்கும் பழைய வட்டக் கட்டடத்தையும் வெளியிலிருந்தே பார்க்கிறார். உள்ளே பார்வையாளர் மாடத்துக்குப் போக நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். கான் மார்க்கெட் பக்கம் போனால் சுப்பிரமணிய பாரதி மார்க் என்று எழுதிய பலகை கண்ணில் படும். அந்தப் பெயர்ப்பலகையைப் புகைப்படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பாத தமிழ்ப் பிள்ளை இல்லை.

இந்தக் காட்சிகளின் நடுவே ஓர் எச்சரிப்பும் அவசியம். மே, ஜூன் மாதங்களில் இங்கே வெயில் 45 பாகையை எட்டும். "லூ" என்னும் அனல்காற்று வீசும். நவம்பரில் புகைமூட்டம். மூச்சுத்திணறல் உள்ள பிள்ளைகளைக் குளிர்காலத் தொடக்கத்தில் அனுப்புவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். தங்கும் அறையைப் பற்றி அதைவிடக் கவனமாய் இருங்கள். 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில், பயிற்சி நிலையம் ஒன்றின் அடித்தளத்தில் இயங்கிய நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்து, குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகள் உயிரிழந்தார்கள். வாடகை மலிவு என்பதற்காக நிலத்துக்குக் கீழுள்ள அறையையோ, ஒரே வழியுள்ள நெருக்கமான கட்டடத்தையோ ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை: பந்தியில் ஓர் இலை

ஞாயிறு காலை தமிழ் ஆராதனை. ஒரு வாரமாக ஆங்கிலமும் அரைகுறை இந்தியுமாகப் பேசிய வாய்க்கு, தாய்மொழியில் ஜெபிப்பது தண்ணீர் குடித்ததுபோல இருக்கிறது. ஆராதனை முடிந்ததும் யாரோ ஓர் அம்மா அருகே வந்து, "எந்த ஊரும்மா? எங்கே தங்கியிருக்கிறாய்? மத்தியானம் எங்களோடு சாப்பிட வா" என்று அழைக்கிறார். அந்தச் சோறும் குழம்பும் அந்த வாரத்தின் எல்லாக் களைப்பையும் ஆற்றிவிடுகிறது.

அன்பானவர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமைச் சோற்றில்தான் நாம் பேசவந்த காரியம் அடங்கியிருக்கிறது. தலைநகரின் அலுவலகங்கள் நம் பிள்ளைகளுக்கு அடைக்கப்பட்டிருக்கவில்லை. ஆறு வாரம் படுத்து எழும்ப ஒரு பாதுகாப்பான இடம் கிடைத்தால், இரண்டு வேளை வீட்டுச் சாப்பாடு கிடைத்தால், பரமக்குடிப் பிள்ளையும் வரலாம்; நாசரேத்துப் பிள்ளையும் வரலாம். கிடைக்காவிட்டால், டெல்லியில் ஏற்கெனவே வீடு உள்ளவர்களின் பிள்ளைகள் மட்டுமே அந்த மேசைகளில் உட்காருவார்கள். இராமநாதபுரத்தைப் பற்றி அவர்கள் அட்டவணையில் பார்த்ததையே பேசுவார்கள்.

இது நம் நாட்டின் பிரச்சினை மட்டுமல்ல. 2015-இல் ஜெனீவாவிலுள்ள ஐக்கிய நாடுகள் அலுவலகத்தில் ஊதியமின்றிப் பயிற்சி பெற்ற நியூசிலாந்து இளைஞர் ஒருவர், வாடகைக்கு வழியில்லாமல் ஏரிக்கரைப் பக்கம் கூடாரத்தில் தங்கியிருக்கிறார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. இந்த வழக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் எண்ணமும் தமக்கு இருந்ததென்று பின்னர் அவரே சொன்னார். அமெரிக்க வெள்ளை மாளிகையும்கூடத் தன் பயிற்சி மாணவர்களுக்கு முதன்முறையாக ஊதியம் கொடுத்தது 2022-இல்தான்.

நம் அரசிலும் சில துறைகள் இந்தக் கஷ்டத்தை உணர்ந்திருக்கின்றன. வெளியுறவு அமைச்சகம் 2022-இல் வகுத்த பயிற்சித் திட்டத்தில் மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகையும், டெல்லிக்கு வந்து திரும்ப விமானக் கட்டணமும் உண்டு. அதில் பெண்களுக்குக் குறைந்தது 30 விழுக்காடு இடம். முன்னேற விழையும் மாவட்டங்களைச் சேர்ந்தவர்களுக்கு முன்னுரிமை. விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டத்து வாலிபரே, இந்த வரியை இன்னொரு முறை வாசியுங்கள். பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம், பெருநகரங்களைச் சேராத 21 முதல் 40 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு மாதப் பயிற்சியை அறிவித்து, மாதம் 20,000 ரூபாயும் டெல்லியில் விடுதி வசதியும் தந்திருக்கிறது. 1993-இல் அமைக்கப்பட்ட தேசிய மனித உரிமைகள் ஆணையம், கோடையிலும் குளிர்காலத்திலும் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, சிறைச்சாலைக்கும் காவல் நிலையத்துக்கும் நேரில் அழைத்துச் சென்று காட்டுகிறது. இந்த விதிகளும் தொகைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்தத் துறையின் சொந்த இணையதளத்தை மட்டும் பாருங்கள். பயிற்சிக்கு இடம் வாங்கித் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால், அவர் ஏமாற்றுகிறவர் என்று அறிந்துகொள்ளுங்கள்.

டெல்லியில் வாழும் குடும்பத்தாரே, உங்களிடம் ஒரு வார்த்தை. நம்முடைய தாத்தாக்களும் பெரியப்பாக்களும் எப்படி இந்த ஊருக்கு வந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, உத்தியோகம் தேடி வந்தவர்கள் அநேகர். கரோல் பாக்கிலும் லோதி காலனியிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் யாரோ ஓர் ஊர்க்காரர் தம் அரசுக் குடியிருப்பின் வராந்தாவில் ஒரு பாயை விரித்துக் கொடுத்தார். முதல் சம்பளம் வரும்வரை சோறும் போட்டார். பிள்ளைகள் தமிழை மறந்துவிடக் கூடாதென்று 1923-லேயே இங்கு பள்ளிக்கூடம் தொடங்கினவர்களும் அப்படிப்பட்ட சாமானியர்களே. அந்த வராந்தாக்களில் படுத்து எழுந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று சொந்த வீட்டில், இரண்டு மூன்று அறைகளோடு இருக்கிறோம். அந்தப் பாயை அடுத்தவருக்கு விரிப்பது இப்பொழுது நம்முடைய முறை.

சூனேம் ஊரின் கனம்பொருந்திய அம்மாள், வழிப்போக்கனாய் வந்த எலிசாவுக்கென்று மாடியில் ஒரு சின்ன அறையை ஏற்படுத்தினாள் என்று நாம் அறிவோம். அவள் மாளிகை கட்டவில்லை. படுக்க, உட்கார, எழுத, வெளிச்சம் பெற என்னென்ன வேண்டுமோ அவற்றை மட்டும் வைத்தாள். ஒரு மாணவிக்கு ஆறு வாரத்திற்குத் தேவையானதும் அதற்கு மேற்பட்டதல்ல.

அன்பு இருந்தால் போதும், ஒழுங்கு வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பமும் அனுப்புகிற பெற்றோரும் முன்னமே தொலைபேசியில் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும். எத்தனை நாள், எந்த அறை, இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், சாப்பாட்டுக்கு ஏதேனும் கொடுப்பதா என்பவற்றையெல்லாம் வெளிப்படையாகப் பேசி முடிவுசெய்யுங்கள். பெண்பிள்ளையானால், அவ்வீட்டில் பெண்கள் எந்நேரமும் இருக்கிறார்களா என்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்ளே பூட்டக்கூடிய அறை அவசியம். வாடகைக்கு விடுகிறவர்கள் காவல் துறையின் வாடகைதாரர் சரிபார்ப்பைச் செய்ய வேண்டும். வீட்டில் இடமில்லாதவர்கள், பெண்பிள்ளைகளுக்கு அசோகா சாலையிலுள்ள ஒய்.டபிள்யூ.சி.ஏ. போன்ற விடுதிகளில் இடம் விசாரித்துச் சொல்லலாம்; அது நிதி ஆயோக்குக்கு நடந்து போகும் தூரந்தான். அதுவும் கூடாதவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அழைக்கலாம். ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைச் செய்தால் ஆறு வாரம் சிரமமின்றிக் கழிந்துவிடும்.

ஊரிலுள்ள பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பயிற்சி முடிந்தவுடன் அரசு வேலை கிடைத்துவிடாது. அப்படி யாரும் வாக்களிக்கவும் இல்லை. முடிவில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். ஆனால் திரும்பி வரும் பிள்ளை போன பிள்ளையாக இருக்கமாட்டாள். தாலுகா அலுவலகத்தில் "நாளைக்கு வா" என்று சொல்லப்படும்போது, எந்த நாள், எந்த மேசை, எந்த எண்ணுள்ள கோப்பு என்று மரியாதையாகக் கேட்கத் தெரிந்தவளாயிருப்பாள். விதவைப் பெரியம்மாவின் உதவித்தொகை மனுவையும் பக்கத்து வீட்டாரின் பட்டா மனுவையும் ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதிக் கொடுப்பாள். கல்லூரிக் கட்டணத்தோடு சேர்த்து, இந்த ஆறு வாரச் செலவுக்கும் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே மாதம் சிறிது எடுத்து வையுங்கள்.

கல்லூரி மாணவர்களே, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தகுதி இருந்தால், கல்லூரி முதல்வரிடம் ஆட்சேபணை இல்லாக் கடிதத்தை இந்த வாரமே கேளுங்கள். நிதி ஆயோக்குக்கு ஒரு நிதியாண்டில் ஒரே முறைதான் விண்ணப்பிக்க முடியும். ஆகையால் விடுமுறை எப்போது என்பதைப் பார்த்து, மாதத்தைத் தெரிந்தெடுத்து அனுப்புங்கள். இவ்வாண்டு கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடியும் அனுப்புங்கள்.

டெல்லியிலுள்ள நாமோ, வீட்டில் எந்த அறையில் ஒரு கட்டில் போடலாம் என்று இன்றிரவே பேசிக்கொள்வோம்.